பில் போட்டு மாசம் மூணாச்சு, பணம் எங்கே? அம்பத்தூர் ‘ஜாப் ஒர்க்’ பட்டறைகளும் 45 நாள் சட்டமும்!

அம்பத்தூர் தொழில்பேட்டையில் ஒரு இரும்புத் துண்டு உருப்படியாவதற்குள் நாலு பட்டறை ஏறி இறங்கிவிடும்!

ஒரு பட்டறையில் வெட்டு. அடுத்த தெருவில் லேத் கடைசல். அங்கிருந்து ஹீட் ட்ரீட்மென்ட். பிறகு முலாம். கடைசியில் ஆர்டர் எடுத்த முதலாளியின் கொட்டகைக்கு வந்து, பெட்டியில் அடைத்துப் பெரிய கம்பெனிக்குப் போகும்.

இதுதான் ‘ஜாப் ஒர்க்’. பொருள் ஒருவருடையது, கைவேலை இன்னொருவருடையது. வேலைக்கு மட்டும் கூலி. சம்பளமும் இல்லை, போனசும் இல்லை. பீஸுக்கு இவ்வளவு என்று பேச்சு. அவ்வளவுதான்!

வேலை ஓடுகிறது. ஆனால் பணம்? அங்கேதான் சிக்கல்!

பழைய பழக்கம்

இது இன்று நேற்று வந்ததல்ல. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960களில் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் என்று வரிசையாக வந்தன. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அங்கேதான் ‘விஜயந்தா’ டாங்கி தயாரானது.

பெரிய ஆலை எல்லாவற்றையும் தானே செய்யாது. சின்னச் சின்ன உருப்படிகளை வெளியே கொடுக்கும். அந்த வேலையை வாங்கிச் செய்ய 1964இல் அம்பத்தூர் தொழில்பேட்டை உருவாயிற்று. பிறகு காக்களூர், திருமழிசை என்று பேட்டைகள் பெருகின. 1998இல் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்ததும் வேலை இன்னும் பரவியது.

இப்போது பெரியவர் சிறியவருக்குக் கொடுக்கிறார். சிறியவர் தனக்கும் சிறியவருக்குக் கொடுக்கிறார். ஒற்றை லேத் வைத்திருப்பவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டுத் தருபவர், கூப்பிட்டால் வந்து வெல்டிங் அடித்துவிட்டுப் போகிறவர், மாதம் இரண்டு நாள் வந்து கணக்கு எழுதுகிறவர் என்று எல்லாரும் இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணிகள்தான்.

லாபம் யாருக்கு?

வேலையை வெளியே கொடுப்பது தப்பா? இல்லவே இல்லை.

மாதத்தில் நாலு நாள் வேலைக்காக ஒரு கிரைண்டிங் மெஷினைக் கடன் வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆர்டர் இல்லாத மாதத்தில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சின்ன முதலாளியால் முடியாது. வெளியே கொடுத்தால் கைச்செலவு மிச்சம்.

ஆனால் அந்தச் செலவு மறைந்துபோய்விடவில்லை, இடம் மாறுகிறது! மெஷின் கடன் அவன் தலையில். கரண்ட் பில் அவன் தலையில். வேலை இல்லாத நாளின் நஷ்டமும் அவன் தலையில். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தபோது, மோட்டார் நனைந்த நஷ்டமும் அவன் தலையில்தான்.

இவ்வளவையும் சுமக்கிறவனுக்குக் கூலியையாவது காலத்தில் கொடுக்க வேண்டாமா?

‘மேலேயிருந்து வரலே!’

பாக்கி கேட்டுப் போனால் கிடைக்கும் பதில் பேட்டை முழுக்க ஒன்றுதான். “மேலேயிருந்து இன்னும் வரலே அண்ணே. வந்ததும் உனக்குத்தான்!”

பெரிய கம்பெனி இழுத்தடிக்கிறது. நடுவில் இருப்பவர் கையைப் பிசைகிறார். கடைசி ஆள் மெஷின் தவணைக்காக வட்டிக்குப் பணம் தேடி அலைகிறான். மேலே இருப்பவரின் நடைமுறை மூலதனத்தைக் கீழே இருக்கும் ஏழைப் பட்டறைக்காரன் வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பதே இதன் அர்த்தம்!

சட்டம் என்ன சொல்கிறது?

குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இல் வந்தது. அதன்படி குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. ‘90 நாள்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது!

தாமதமானால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு. மாதாமாதம் கூட்டு வட்டி. உதாரணத்துக்கு, பேங்க் ரேட் 6 சதவீதம் என்றால் வட்டி 18 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் பில் இரண்டு மாதம் தாமதமானால் 3,022 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது, “அன்னிக்கு அம்பது பீஸ் ரிஜெக்ஷன் ஆச்சே” என்று இழுப்பது சட்டத்தின்முன் எடுபடாது.

பணம் வராவிட்டால் அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 2017இல் இதற்காக ‘சமாதான்’ என்ற இணையதளமும் வந்தது. இணையம் வழியாகவும் மனு போடலாம். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைக்கும் பாக்கிக்காரர், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

வருமான வரியிலும் பிடி இறுகியது. 2023இல் செய்த திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம்.

பிறகு ஏன் பயம்?

சட்டம் இவ்வளவு பலமாக இருந்தும் மனு போட ஆள் தயங்குவது ஏன்? “வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் போயிடும் சார்!” இதுதான் காரணம். ஒரே கம்பெனியை நம்பி இருக்கும் பட்டறைக்காரனுக்குச் சட்டப் புத்தகத்தைவிட அந்த கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் பெரியவர்!

இதற்கு ஒரு மாற்று வழி ‘ட்ரெட்ஸ்’. பெரிய கம்பெனி ஏற்றுக்கொண்ட பில்லை இணையச் சந்தையில் வைத்தால், வங்கிகள் போட்டி போட்டு முன்பணம் தரும். கெடு நாளில் வங்கிக்குக் கட்ட வேண்டியது பெரிய கம்பெனி. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் உத்தரவிட்டது. ஆனால் சேர்ந்தால் மட்டும் போதுமா? பில்லை ஏற்றுக்கொள்ளவும் வேண்டுமே!

சின்ன முதலாளிக்கும் ஒரு வார்த்தை

இந்தச் சட்டம் பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். முலாம் பூசுகிறவரும் லேத்காரரும் ‘உதயம்’ பதிவு வைத்திருந்தால், அவர்களிடம் வேலை வாங்கும் சின்ன முதலாளிக்கும் இதே 45 நாள்தான். ‘மேலேயிருந்து வரலே’ என்பது சட்டத்தில் ஒரு சாக்கே அல்ல!

சரக்குக்கும் பொறுப்பு உண்டு. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கருதி ஜி.எஸ்.டி. கேட்பார்கள். கேட்பது லேத்காரரிடம் அல்ல, அனுப்பிய முதலாளியிடம்!

கடைசிக் கண்ணிக்காரர்களும் விழித்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு முன்பே உதயம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ரேட்டையும் கெடுவையும் ஒரு தாளிலாவது எழுதி வாங்குங்கள். சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேலை வாய்ப்பேச்சாகவே போகும்!

பெரிய கம்பெனியிடம் நியாயம் கேட்க அம்பத்தூர் முதலாளிகளுக்கு முழு உரிமை உண்டு. மேலே கேட்கிற அதே 45 நாளைக் கீழே கொடுத்துவிட்டுக் கேட்டால், அந்தக் குரலுக்கு வலு கூடும். செய்வார்களா?