சாக்கடை யாருடையது?

மதுரையின் பழம்பெருமை பேசும் மேடைகளில் சுருங்கைக்குத் தவறாமல் ஓர் இடமுண்டு. சுருங்கை வழியே பாயும் நீரை யானை துதிக்கையால் விடும் நீருக்கு ஒப்பிடும் பரிபாடலை நானும் வகுப்பில் நடத்தி வருகிறேன். கீழடியில் சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டபோது மகிழாத தமிழாசிரியர் யார்? ஆனால் அதே அன்பர்கள், கொட்டாம்பட்டி வட்டாரத்துத் தெருவொன்றில் நிற்கும் சாக்கடையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அவரவர் வீட்டுத் தண்ணீரை அவரவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்.

இத்தீர்ப்பு சட்டத்துக்கே முரணானது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110ஆம் பிரிவில், வடிகால் அமைப்பதையும் கழிவுநீரை அகற்றுவதையும் ஊராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது. வீட்டுக்குள் ஓடும் குழாய் வீட்டுக்காரருடையது, அதில் வழக்கில்லை. வாசலைத் தாண்டிய நீர் ஊருடையது. 'நிதி வரம்புக்கு உட்பட்டு' என்றொரு தொடர் அப்பிரிவில் இருக்கிறது. எல்லாச் சாக்குகளும் அதற்குள்தான் ஒளிந்துகொள்கின்றன. பதினைந்தாம் நிதிக்குழுவோ 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது.

உறிஞ்சுகுழி தோண்டிக்கொள்ளலாமே என்பார்கள். ஒன்றரை சென்ட் மனையில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில், எங்கே தோண்டுவது? மேலூர்ப் பக்கம் கருங்கல்லுக்குப் பேர்போனது. பல இடங்களில் கடப்பாரை சிறிது இறங்கியதும் பாறை தட்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐவர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் பெரும்பகுதி அழுக்குநீராய் வெளியே வந்தே தீரும். உள்ளே வருவதற்குக் குழாய் போட்ட அரசு, வெளியே போவதற்கு மட்டும் வீட்டுக்காரரைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

'அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பதன் நடைமுறைப் பொருளை நாம் அறியாதவர்களல்லர். அடைப்பெடுக்க வீட்டுக்காரர் இறங்குவதில்லை. ஊருக்குத் தள்ளியிருக்கும் குடியிருப்பிலிருந்து ஒருவரை அழைத்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, இறக்குவார். பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழியிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிக்கு மட்டுமல்ல, எந்தத் தனிநபருக்கும் தடை செய்திருக்கிறது. 2022 ஏப்ரலில் மதுரை மாநகரிலேயே கழிவுநீர்க் கிணற்றில் மூவர் மாண்டனர். 2023இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. பொறுப்பைத் தனியாருக்குத் தள்ளுவோர் உண்மையில் சாதியிடம் தள்ளுகிறார்கள்.

மதுரை மாவட்ட ஊராட்சிகளில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர் இல்லாவிட்டாலும் கடமை ஊராட்சியினுடையதுதான். அந்த 60 விழுக்காட்டில் வடிகாலுக்கென்று எந்தத் தெருவில் எவ்வளவு செலவாயிற்று என்பதை அடுத்த கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்போம். சுருங்கையைப் பற்றி மேடையில் முழங்கும் நண்பர்களும் அன்று வந்து உட்காரட்டும்.