எல்லோருக்குமான ஊர்தி

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய சாலையோரத்தில் விடியுமுன்னே காத்து நிற்கும் பெண்களை நாம் அறிவோம். தலையில் துணியை இறுகக் கட்டி, கையில் சோற்றுத் தூக்கோடு, பேருந்தின் விளக்கொளி தெரிகிறதா என்று பார்த்தபடி அவர்கள் நிற்பர். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி உப்பை வாரிக் குவித்தாக வேண்டும். வண்டி தவறினால் அன்றைய கூலியும் தவறிவிடும்.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள்களில் சில வேளைகளில் வேறொரு காட்சியும் உண்டு. சென்னையிலிருந்து புதுச்சேரியை நோக்கிப் பழங்காலக் கார்கள் அணிவகுத்து வரும். பித்தளை விளக்குகள் மின்ன, தொப்பியணிந்த உரிமையாளர்கள் கையசைக்க, சாலையோரத்தார் வியந்து நோக்குவர். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அதன்கீழ் 'பாரம்பரியம்' என்னும் சொல் தவறாமல் இடம்பெறும். அக்காரைப் பாரம்பரியம் என்கிறோம். அப்பெண்கள் காத்திருந்த பேருந்தை என்னவென்று அழைக்கிறோம்? இதுவே நம் கேள்வி.

பழமையைப் போற்றுவோரை நாம் பழிக்கவில்லை. 1855-இல் செய்யப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்று பெரம்பூர்ப் பணிமனையில் 2010-இல் உயிர்பெற்று, சென்னைத் தண்டவாளத்தில் மீண்டும் ஓடியதைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். பிரித்தானியாவில் ஓய்வுபெற்ற பேருந்துகளை ஆர்வலர்கள் தம் சொந்தச் செலவில் செப்பனிட்டு, ஆண்டில் சில நாள்கள் பழைய தடங்களிலேயே ஓட்டிக் காட்டுகின்றனர். 2005 டிசம்பரில் அன்றாடப் பணியிலிருந்து விடைபெற்ற லண்டன் மாநகரின் சிவப்பு இரட்டையடுக்குப் பேருந்துகள் பல அவ்வாறே இன்றும் ஓடுகின்றன. நம் நாட்டிலும் அத்தகைய பேருந்து விழாக்கள் வேண்டும் என்று கேட்போர் உளர். வேண்டும் என்றே நாமும் கூறுகிறோம். ஆயினும் எதை நினைவுகூர அவ்விழா என்று முதலில் தெளிவடைய வேண்டும். அத்தெளிவு இல்லாத விழா மறதிக்கே துணைபோகும்.

'பஸ்' என்பது 'ஓம்னிபுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வால்பகுதி. அதன் பொருள் 'எல்லோருக்கும்' என்பதாகும். இலத்தீன் வழிபாட்டுக் காலத்தில் நம் பாட்டன்மார் பாவ மன்னிப்பு மன்றாட்டில் புனிதர் அனைவரையும் விளிக்கையில் உச்சரித்த அதே சொல்தான் அது. 'கத்தோலிக்க' என்னும் நம் பெயருக்கும் அனைவரையும் தழுவியது என்பதே பொருள். ஆகவே பேருந்தைப் பற்றிப் பேசுவது நமக்கு அந்நியமான பொருளைப் பற்றிப் பேசுவதாகாது.

உலகின் முதல் பேருந்துப் பணி என்று பலரும் கருதுவதைத் திட்டமிட்டவரும் நம்மவரே. பிளேஸ் பஸ்கால் என்னும் கத்தோலிக்கச் சிந்தனையாளர், கணித மேதை, 1662 மார்ச்சில் பாரிஸ் நகரில் குறித்த தடத்தில், குறித்த கட்டணத்தில், குதிரை வண்டிகளை ஓடச் செய்தார். அவ்வருவாயில் தமக்குரிய பங்கிலிருந்து முன்பணம் பெற்று, அவ்வாண்டுக் குளிரில் வாடிய புளுவா நகரத்து ஏழைகளுக்கு அனுப்ப விரும்பினார் என்பதும் வரலாறு. ஆனால் பாரிஸின் உயர்நீதி மன்றம் படைவீரர், ஏவலர், கைத்தொழிலாளர் ஆகியோர் அவ்வண்டிகளில் ஏறக் கூடாது என்று தடை விதித்தது. ஏழைக்கு உதவ எண்ணியவன் தொடங்கிய வண்டியில் ஏழைக்கு இடமில்லாமற் போயிற்று. சில ஆண்டுகளில் அப்பணியே நின்றுபோனது.

அது பிரெஞ்சு நாட்டுக் கதை என்று நாம் நிம்மதி கொள்ள இயலுமா? தமிழகத்தில் பேருந்துப் போக்குவரத்து 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்காரால் தொடங்கப்பெற்றது என்று பெருமையுடன் நினைவுகூர்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் வண்டிகள் மரக்கரி வாயுவில் ஓடியதையும் முதியோர் சுவையாகச் சொல்வர். அவை உண்மையே. ஆனால் அதே காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பேருந்துகளும் நம் மண்ணில் ஓடின. 1920-களின் இறுதியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், சாதியைக் காட்டிப் பயணியரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்ட பின்னரே அங்குக் கதவு திறந்தது. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் வழங்குவதே. அங்குச் சென்று துணி வாங்கும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

ஒரு பழைய பேருந்தை விழாவில் ஓட்டும்போது அதன் எஞ்சினின் ஆற்றலையும், உடற்கூட்டின் அழகையும் விளக்கும் பலகை வைப்பர். அவ்வண்டியில் யார் ஏறவியலாதிருந்தனர், யார் முதலில் ஏறினர், அன்று என்ன நேர்ந்தது என்பதை எந்தப் பலகை சொல்லும்? சொல்லாதவரை அது பாதி வரலாறே.

முழு வரலாற்றையும் சொல்லும் பேருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1-ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி வெள்ளையருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதைத் தொடர்ந்து அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே சென்று வென்றனர். அந்த 2857-ஆம் எண் பேருந்து பணியிலிருந்து நீங்கிய பின் பல்லாண்டு ஒரு வயல்வெளியில் தட்டுமுட்டுப் பொருள்கள் போடும் கொட்டகையாகக் கிடந்தது. 2001-இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை ஏலத்தில் வாங்கிச் செப்பனிட்டது. இன்று அங்குச் செல்வோர் அதனுள் ஏறி அமரலாம். எந்திர நுட்பத்தில் அவ்வண்டிக்கு ஒரு தனிச் சிறப்பும் இல்லை. அதில் அமர்ந்திருந்த ஒரு பயணியே அதனைப் பாரம்பரியமாக்கினார்.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 2021-இல் நடுவண் அரசு பழங்கால ஊர்திகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் ஊர்திக்குச் சிறப்புப் பதிவெண் உண்டு. ஆனால் இப்பெருமை இரு சக்கர ஊர்திகளுக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கான கார்களுக்கும் மட்டுமே. கட்டணம் வாங்கி மக்களை ஏற்றிச் சென்ற பேருந்துக்கு அதில் இடமில்லை. மறுபுறம், 15 ஆண்டு நிறைந்த அரசு ஊர்திகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று விதிக்கப்பட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் அதற்குள் அடங்கும். புகையையும் விபத்தையும் தவிர்க்கப் பழைய வண்டிகளை விலக்குவது நியாயமே. உப்பளப் பெண்கள் ஓட்டை வண்டியில் போகட்டும் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆயினும் செல்வரின் காருக்கு வயதானால் சிறப்புப் பதிவெண். மக்களின் பேருந்துக்கு வயதானால் பழைய இரும்புக் கடை. எது நம் பாரம்பரியம் என்பதைச் சட்டமே இவ்வாறு தீர்த்து வைத்திருப்பதை நாம் ஏன் கேள்வி கேட்கவில்லை?

கல்கத்தா நகரம் நமக்கு மற்றோர் எச்சரிக்கை. 1873-இல் அங்குத் தொடங்கிய டிராம் வண்டியின் 150-ஆம் ஆண்டு 2023-இல் கொண்டாடப்பட்டது. அடுத்த ஆண்டே, சுற்றுலாவினருக்கென மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நிறுத்தப் போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது. மக்கள் அன்றாடம் வேலைக்குச் சென்ற வண்டி, பார்த்து மகிழும் பொம்மையாகச் சுருங்குவதைப் பாரம்பரியக் காப்பு என்பது சொல்லுக்கே இழுக்கு. 1953-இல் சென்னை டிராமை நிறுத்தியவர்கள் இத்தகைய அலங்காரம் எதையும் செய்யவில்லை. அவ்வளவில் அவர்கள் நேர்மையாளரே.

பிரித்தானியாவில் இம்பர் என்றொரு சிற்றூர். 1943-இல் படைப் பயிற்சிக்கென அவ்வூரார் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். திரும்ப அனுமதிக்கப்படவே இல்லை. 2009 முதல் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் பழைய இரட்டையடுக்குப் பேருந்துகள் அவ்வூருக்கு ஓடுகின்றன. இறங்கினால் பாழடைந்த வீடுகளும் ஒரு பழைய ஆலயமும் தவிர வேறொன்றுமில்லை. வருவாயில் ஒரு பகுதி அவ்வாலயத்தைப் பேணுவதற்கே தரப்படுகிறது. துரத்தப்பட்ட மக்களை ஓராண்டில் ஒரு நாளேனும் நினைவுபடுத்தும் அம்முயற்சியை நாம் மதிக்கிறோம். ஆயினும் மக்களே இல்லாத ஊருக்கு ஒரு நாள் பேருந்து விடுவதைக் காண நெடுந்தொலைவிலிருந்து மக்கள் கூடும் இவ்வுலகில், மக்கள் வாழும் எத்தனையோ கடலோரச் சிற்றூர்கள் பேருந்துக்காக முதன்மைச் சாலை வரை நடக்கின்றன என்பதையும் மறக்கலாகாது.

மரக்காணத்துக்கே உரிய பழைய போக்குவரத்து ஒன்றும் உண்டு. பக்கிங்காம் கால்வாய் தெற்கே இங்குதான் முடிகிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன்வழியே சென்னைக்குச் சென்றன. அக்கால்வாயின் சென்னைப் பகுதியை 1877-78 பெரும் பஞ்சத்தின்போது பிழைக்க வழியற்ற மக்களே கூலிக்கு வெட்டினர். பெயரோ ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று. நாளை அங்கு ஓர் அழகிய படகு விழா நடந்தால், வெட்டியவரையும் உப்புச் சுமந்தவரையும் யார் நினைப்பார்?

'வேண்டாத வாதம், ஆண்டுக்கொரு முறை நீங்களும் தேர் இழுக்கிறீர்களே' என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆலயத்துக்கு வரவியலாத நோயாளியின் வாசலுக்கும் முதியவரின் வாசலுக்கும் அன்னை மரியாவே வருவதுதான் தேர்த் திருவிழாவின் பொருள். அது எல்லாத் தெருவுக்கும் வரும்போதே தேர். சில தெருக்களுக்கு வராதபோது அது வெறும் மர வண்டி. எந்தத் தெரு வரை தேர் வரலாம் என்று நம் பங்குகள் சிலவற்றில் எழுந்த பூசல்களை நாம் மறந்துவிடவில்லை. ஆதலால் பிறரைக் கேட்கும் இக்கேள்வியை நம்மையும் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம்.

இன்னொன்றையும் நாணத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 மே 8 முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு மிஞ்சும் அச்சிறு தொகை பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகிறது. ஆனால் அப்பெண்கள் ஏறுகையில் 'ஓசிப் பயணம்' என்று முணுமுணுப்போர் நம்மிடையிலும் இல்லையா? கூடை நாற்றம் என்று முகம் சுளித்து அடுத்த இருக்கைக்கு மாறுவோர் ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் நின்று சமாதானம் கூறவில்லையா? அவர்களே பழங்காலக் கார் வந்தால் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகின்றனர். இறைவாக்கினரின் கல்லறைகளை அலங்கரித்தோரை ஆண்டவர் எத்துணைக் கடுமையாகக் கண்டித்தார் என்பதை மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்ததைப் போற்றுவது எளிது. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு போக்குவரத்துக் கழகமும் விலக்கப்படும் வண்டிகளில் சிலவற்றையேனும் உடைக்காமல் காக்கட்டும். சட்டமும் பேருந்தைப் பாரம்பரிய ஊர்தியாக ஏற்கட்டும். அதை ஓட்டும் நாளில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரையுள்ள எல்லா நிறுத்தங்களிலும் நின்று, வழக்கமான கட்டணத்தில், எவர் கைகாட்டினாலும் ஏற்றிச் செல்லட்டும். ஓய்வுபெற்ற ஓட்டுநரையும் நடத்துநரையும் அன்று முன்னிருக்கையில் அமர்த்துவோம். முதன்முதலாக அவ்வண்டியில் ஏறிப் பள்ளிக்குச் சென்ற உப்பளத் தொழிலாளியின் மகளைப் பேச அழைப்போம். விழா முடிந்த மறுநாள் அதே தடத்தில், அதே வேளையில், புதிய பேருந்து தவறாமல் வரட்டும். பங்குப் பேரவைகள் தம் பகுதியில் எந்த வண்டி நின்றுபோனது, எந்த நிறுத்தத்தில் நிற்பதில்லை என்று எழுதி உரியவரிடம் முறையிடுவதும் இப்பாரம்பரியத்தைக் காக்கும் பணியே.

உப்பு தன் சாரத்தை இழந்தால் அதற்கு எதனால் சாரமேற்றுவது என்று ஆண்டவர் கேட்டார். அக்கேள்வியின் பொருளை மரக்காணத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பேருந்தின் சாரம் 'எல்லோருக்கும்' என்னும் அந்த ஒரு சொல்லே. அது போனபின் மிஞ்சும் பித்தளையை எவ்வளவு துலக்கினாலும், விடியற்காலையில் சாலையோரம் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு அதனால் யாது பயன்?