அட்டை உறிஞ்சினால் அடிவயிற்று வலி தீருமா?

வயலில் இறங்கும்போது காலில் அட்டை ஒட்டினால் அலறுகிறோம். அதே அட்டையைக் காசு கொடுத்து உடம்பில் விட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்!

"அட்டை கெட்ட ரத்தத்தை உறிஞ்சிவிடும். பெண்களின் அடிவயிற்று வலி, கர்ப்பப்பைக் கட்டி எல்லாம் தீரும்" என்று சிலர் சொல்கிறார்கள். இது உண்மையா?

பழைய வைத்தியம்

அட்டை வைத்தியம் புதியது அல்ல. சித்த வைத்தியத்தின் 32 புற மருத்துவ முறைகளில் "அட்டை விடல்" ஒன்று. ஐரோப்பாவிலும் 19-ம் நூற்றாண்டில் அட்டை மோகம் பிடித்து ஆட்டியது. 1833-ம் ஆண்டில் மட்டும் பிரான்சு தேசம் 4 கோடிக்கு மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது! பெண்களின் கர்ப்பப்பை வாயிலேகூட அட்டை விட்டார்கள். நோய்களின் உண்மைக் காரணங்கள் தெரியத் தெரிய, அந்த மோகம் அடங்கியது.

அறுந்த காது

ஆனால், அட்டைக்கு இன்றும் ஒரு வேலை உண்டு.

1985-ல் அமெரிக்காவில் ஒரு சிறுவனின் காதை நாய் கடித்துத் துண்டித்தது. பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் அப்டன் அதை ஒட்டவைத்தார். ஒட்டிய காதில் ரத்தம் தேங்கியது. அட்டைகளை விட்டார். ரத்தம் வடிந்தது. காது பிழைத்தது!

அட்டையின் எச்சிலில் "ஹிருடின்" என்ற பொருள் இருக்கிறது. அது ரத்தத்தை உறைய விடாது. 2004-ல் அமெரிக்க அரசு இத்தகைய ஆபரேஷன்களுக்கு அட்டையை விற்க அனுமதி கொடுத்தது.

ரத்தம் ஏது?

காதில் ரத்தம் தோலுக்கு அடியிலேயே தேங்கி நின்றது. அடிவயிற்று வலி அப்படி அல்ல. கர்ப்பப்பையில் சதைக்கட்டி இருக்கலாம். கிருமி தொற்றியிருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். வயிற்றுத் தோலில் ஒட்டும் அட்டை உள்ளே இருக்கும் கட்டியைக் கரைக்காது.

இன்னொரு விஷயம். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறும் கணக்கு இது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போய் வெளுத்திருக்கும் பெண்ணிடம் மேலும் ரத்தம் எடுக்கலாமா? அட்டை விழுந்த பிறகும் பல மணி நேரம் ரத்தம் கசியும். அட்டையின் குடலில் உள்ள கிருமி, கடிவாயில் புகுந்து சீழ் வைப்பதும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், வீணாகும் நாட்கள்தான்.

வெட்கம் வேண்டாம்

பெண்கள் இந்த வலியை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். ஆகவேதான் ரகசியமாக வைத்தியம் தேடுகிறார்கள்.

வீட்டில் தாயோ, மனைவியோ, மகளோ "வலிக்கிறது" என்றால், அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்க்கட்டும். முதலில் காரணம் தெரியவேண்டும். வைத்தியம் அதற்குப் பிறகுதான்!