கடைசிப் பத்து நிமிடம்

"36 வயதில திரும்பவும் அவுஸ்பில்டுங் செய்யிறீங்களே, அப்பிடி என்ன வேலை அது?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை அதைப் பற்றித்தான்.

முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடக்கும்போது, நரம்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நான் பழகும் வேலை. படிப்பு 3 வருடம். 2023 ஜனவரியில் யேர்மனியில் இந்தத் தொழிலுக்குப் புதுச் சட்டமும் புதுப் பெயரும் வந்தன. அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். வீட்டில் அம்மா வைத்திருக்கும் பெயர் 'ஊசி வேலை'.

அம்மா சொல்வதிலும் பிழை இல்லை. நோயாளி மயங்கின பிறகு தலைத்தோலிலும் கை கால் தசைகளிலும் மெல்லிய ஊசிகள் வைப்போம். கணுக்காலில் சின்ன மின்துடிப்புக் கொடுத்தால் அது முள்ளந்தண்டு வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கலாம். தலையில் கொடுத்தால் கால் தசை துடிக்கிறதா என்று பார்க்கலாம். உணர்வுச் சமிக்ஞை பாதியாகக் குறைந்தால் உடனே டொக்டருக்குச் சொல்ல வேண்டும். இந்த வசதிகள் பரவும் முன் நோயாளியை நடுவில் எழுப்பி, "காலை ஆட்டுங்கோ" என்று கேட்பார்கள். பிரான்ஸில் ஸ்டன்யாரா என்ற டொக்டரும் கூட இருந்தவர்களும் 1973இல் எழுதிய முறை அது.

எல்லாருக்கும் பயம் ஸ்குரூ போடும் நேரத்தில்தான். நான் பயப்படப் பழகியது அதற்குப் பிறகு வரும் நேரத்துக்கு.

அன்றைக்கு 15 வயதுப் பிள்ளை ஒன்று. முதுகு வளைவை நிமிர்த்தும் சத்திரசிகிச்சை. காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டிவிட்டது. கம்பி பூட்டியாச்சு, சமிக்ஞை எல்லாம் நல்லது. டொக்டர் "ஃபெர்டிஷ்" என்றதும் அறையே மூச்சு விட்டது. ஒருவர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார். எனக்கும் வயர்களைக் கழற்றிவிட்டு ஒரு கோப்பி குடித்தால் நல்லது போல இருந்தது.

என்னைப் பழக்குகிற அக்கா மெதுவாகச் சொன்னா: "காயம் மூடும் வரைக்கும் ஒண்டும் கழட்டாதேங்கோ."

காரணம் இருக்கிறது. நிமிர்த்தின முள்ளந்தண்டு நரம்பை இழுத்துப் பிடித்திருக்கும். இரத்த அழுத்தம் விழுந்தாலும், உள்ளே இரத்தம் கட்டினாலும் பாதிப்புப் பிந்தித் தெரியலாம். அதனால் தையல் போடும்போதும் பார்த்துக்கொண்டே இருப்போம். மயக்க மருந்து வைத்தியர் மருந்தை மாற்றும் முன் கடைசி முறையாக எல்லாவற்றையும் ஓட்டி, காலையில் எடுத்ததோடு ஒப்பிட்டு, முடிவை வாய்விட்டுச் சொல்லி, நேரத்தோடு எழுத வேண்டும். பிறகு மின்துடிப்புக் கொடுக்கும் கருவியை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊசியில் கை வைக்கலாம்.

ஊசியை எடுக்கிறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. தலையில் இருக்கும் சுருள் ஊசியை இழுக்கக் கூடாது, எதிர்ப்பக்கமாகத் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்த ஊசி கையில் நிற்கக் கூடாது, நேரே மஞ்சள் பெட்டிக்குள். குத்தின இடத்தைப் பஞ்சால் அழுத்த வேண்டும். எடுக்க எடுக்க எண்ண வேண்டும்.

வைத்தது 32. எண்ணினேன், 31.

திரும்ப எண்ணினேன். 31தான்.

குப்புறக் கிடந்த பிள்ளையைத் திருப்பிக் கட்டிலில் போட நாலு பேர் கையைக் கொடுத்து நிற்கிறார்கள். தலைமாட்டில் வைத்தியர் "மூன்று" எண்ணத் தொடங்கிவிட்டார். எல்லாரும் என்னை விடப் பெரியவர்கள், எல்லாரும் களைத்திருக்கிறார்கள். ஒருவேளை நான் காலையில் பிழையாக எழுதியிருப்பேனோ? பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க பேசாத என்று வளர்த்த வாய் திறக்க மறுத்தது. ரெண்டு செக்கன் இருக்கும். எனக்கு அது நீளமாக இருந்தது.

"மொமென்ட் பிட்டே. ஒரு ஊசி குறையுது."

எல்லாரும் நின்றார்கள். ஒருவரும் ஏசவில்லை. வலது கைப் பக்கம், துணி மடிப்புக்குள் கிடந்தது. நான்தான் பிளாஸ்டரை அவசரத்தில் இழுத்தபோது விழுத்தியிருக்கிறேன். திருப்பும்போது தாதி ஒருவர் கையை நுழைக்க வேண்டிய இடம் அது. நான் பேசாமல் விட்டிருந்தால் அவருக்குக் குத்தியிருக்கும், அல்லது பிள்ளையின் தோளுக்குக் கீழே போயிருக்கும். இரத்தம் பட்ட ஊசி குத்தினால் கழுவிவிட்டுப் போகிற விசயமில்லை. பதிவு, இரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் காத்திருப்பு.

உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் கடைசிப் பகுதி இதற்காகவே இருக்கிறது. நோயாளி அறையை விட்டுப் போகும் முன், கருவி, துணி, ஊசி எண்ணிக்கை சரி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் நரம்பு பார்க்கிறவரின் ஊசிகள் தாதியின் கணக்கில் வராமல் போகலாம். அவற்றை நாங்களே எண்ண வேண்டும்.

பிள்ளையைத் திருப்பினோம். வைத்தியரோடு சேர்ந்து வாயைப் பார்த்தேன். தலையில் துடிப்புக் கொடுக்கும்போது தாடை இறுகும், நாக்குக் கடிபடலாம். அதற்காகப் பற்களுக்கிடையில் இரண்டு மென்மையான சுருள்கள் வைப்போம். இரண்டும் வெளியே வந்ததா, நாக்கில் காயம் இல்லையா என்று பார்த்தோம். ஒன்று உள்ளே தங்கினால் மூச்சுக்கே ஆபத்து. பிறகு கண் திறந்தவளிடம் வைத்தியர் கேட்டார். இரண்டு பெருவிரலும் ஆடின. அதையும் எழுதினேன்.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு சத்திரசிகிச்சை வந்தால் சில விசயம் ஞாபகம் வைத்திருங்கோ. ஆடுகிற பல், வலிப்பு, உடம்பில் பொருத்தின கருவி எது இருந்தாலும் முதலே சொல்லிவிடுங்கோ. தலைக்கு எண்ணெய் வைக்காமல் கழுவி அனுப்புங்கோ. பிறகு தலையிலும் காலிலும் சின்னக் குத்துப் புள்ளிகளைக் கண்டு பயப்படாதேங்கோ. நாக்கு நோகுது என்று சொன்னால் தாதியிடம் காட்டுங்கோ. "சமிக்ஞை கடைசியில எப்பிடி இருந்தது?" என்று டொக்டரிடம் கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.

அன்றிரவு ஊ6 ரயிலில் கார்ஹிங் வந்து சேர எட்டு மணி. அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன்.

"அப்ப ஏன் உடன சொல்லேல்லை?"

"நீங்கள்தானே குறுக்க பேசாத எண்டு வளர்த்தனீங்கள்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டைச் சூடாக்கப் போனா.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஊர்க் காணிக் கதையில் இருந்தோம். மகள் வந்து, "அம்மம்மா, அம்மம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியாக்கள் கதைக்கேக்க..." என்று என் வாயில் பாதி வந்துவிட்டது.

"என்னடி குஞ்சு?" என்று அம்மா திரும்பினா.

"இண்டைக்கு வெள்ளைக் குளிசை எடுக்கேல்லை. பெட்டிக்குள்ள அப்பிடியே இருக்கு."

அம்மா எழும்பிப் போய்ப் பார்த்தா. இருந்தது.