சட்டமும் குடும்பமும்: கூலியும் கூரையும்

பனமலைக்குப் போகிறவர்கள் தாளகிரீசுவரர் ஆலயத்தைத் தரிசிக்கவே போகிறார்கள். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலில் மிஞ்சி நிற்கும் உமாதேவியின் ஓவியத்தைக் கண்டு வியந்து திரும்புகிறார்கள். அவ்வழியிலும் செஞ்சி வட்டாரத்திலும் தென்படும் குடிசைகள் யாருடைய மனையில் நிற்கின்றன என்று கேட்பாரைக் காணோம். இவ்வாரம் நாம் அதைக் கேட்க விரும்புகிறோம்.

நாட்டுப்புறத்தில் வேலையும் வீடும் நெடுங்காலமாக ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. பண்ணையில் உழைப்பவன் பண்ணையாரின் மனையிலேயே குடிசை போட்டுக்கொள்வான். கூலி போதவில்லையென்று வாய் திறந்தால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகும்படி உத்தரவு பிறக்கும். கூரைக்கு அஞ்சிக் கூலியைக் கேளாதவர் எத்தனை தலைமுறையினர்! இதற்குப் பரிகாரமாகவே 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அன்று பிறர் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அம்மனையையே அது சொந்தமாக்கிற்று. எசமானர் தயவு உரிமையாக மாறியது சிறிய காரியமன்று.

ஆனால் கட்டுவதற்குக் கயிறு வேறும் உண்டு. அதன் பெயர் முன்பணம். செங்கற் சூளைக்கோ, மரம் வெட்டும் இடத்துக்கோ ஒரு குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறது. சூளைக்காரரே குடிசை தருகிறார். கணக்கையும் அவரே எழுதுகிறார். கணக்குத் தீருவதில்லை, தீராதவரை ஊர் திரும்பவும் வழியில்லை. வட தமிழ்நாட்டில் இருளர் குடும்பங்கள் பல இவ்வாறு சிக்கி, அதிகாரிகளால் மீட்கப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம்.

கொத்தடிமை முறையை ஒழித்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதில் என்ன இருக்கிறதென்று அறிந்தவர் குறைவு. கொத்தடிமைக் கடன் செல்லாது. அதை வசூலிக்க வழக்கும் தொடர முடியாது. 'இது கொத்தடிமைக் கடன்' என்று தொழிலாளி சொன்னால், அப்படியன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவர்மீது விழுகிறது. எழுத்தறியாதவன் எழுதப்பட்ட கணக்கோடு மல்லுக்கட்டவேண்டிய அநியாயத்தை இந்த ஒரு விதி மாற்றிவிட்டது. சட்டம் முழுவதிலும் நமக்கு மிகவும் பிடித்த விதி இதுவே. கூரையையும் சட்டம் மறக்கவில்லை. உழைப்புக்கு ஈடாகக் குடியிருந்த வீட்டிலிருந்து விடுதலை பெற்றவரை வெளியேற்றலாகாது என்கிறது. குற்றவாளிக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2016ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த மறுவாழ்வுத் திட்டம், நிலைமைக்கேற்ப ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை உதவி என்று குறித்தது.

'கூலிதான் கொடுக்கிறோமே, இது எப்படி அடிமைத்தனம்?' என்று கேட்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே விடை கூறிவிட்டது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்களின் நிலையைப் பற்றி ஒரு சங்கம் எழுதிய கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு விலக்கும் கட்டாய உழைப்பே என்று பகவதி முதலிய நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

நேயர்களில் பலர் வாடகை வீட்டில் வசிப்பவர்கள். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததிலிருந்து வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலம் இருக்கவேண்டும். சண்டை வந்தால் வீட்டுக்காரர் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. கடைச் சிப்பந்திகளுக்கு 2021ஆம் ஆண்டுத் திருத்தம் உட்கார ஓர் ஆசனத்தைத் தந்தது. நின்று நின்று கால் வீங்கிய பெண்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

சூளையிலிருப்பவர்களுக்காக மனு எழுதச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரே எழுதவேண்டும் என்பதுமில்லை. மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ யாரும் எழுதலாம். எங்கே, எத்தனை பேர், எவ்வளவு முன்பணம், எப்போதிலிருந்து என்ற நான்கு விவரங்களைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தேதியிட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள். மீட்கப்பட்டவர்கள் கோட்டாட்சியரின் விடுதலைச் சான்று கைக்கு வராமல் ஊர் திரும்பிவிடக்கூடாது.