நித்தியகல்யாணியும் கேட்கத் தயங்கும் கேள்வியும்

தேவனாம்பட்டினத்துக் கடலோர மணலிலும் கடலூர் வீடுகளின் வேலியோரங்களிலும் தண்ணீர் ஊற்றுவாரின்றியே பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பெயருண்டு. இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் நாங்கள் ஏற்றும் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய மருந்துகள் இச்செடியிலிருந்து பெறப்பட்டவை. இதைச் சொன்னதும், "இலையைக் காய்ச்சிக் குடித்தாலே போதாதா?" என்று உறவினர் சிலர் கேட்கின்றனர். போதாது, ஆபத்தும்கூட. ஒரு கிராம் மருந்தைப் பிரித்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கும் ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் நாங்கள் கொடுப்பதில்லை. கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறதென்று யாரால் அளக்க இயலும்?

ஜமைக்கா மக்கள் இவ்விலையைச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தனர். கனடாவில் நோபிள், பீர் என்னும் ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்த வியப்பிலிருந்தே 1950களின் இறுதியில் வின்பிளாஸ்டின் பிறந்தது.

வெள்ளணுக்கள் ஏன் குறைந்தன? ஓர் உயிரணு இரண்டாகும் மைட்டாசிஸ் பிரிவில், 46 குரோமோசோம்களும் முதலில் இரட்டிக்கின்றன. பின்னர் மெல்லிய இழைகள் அவற்றை இரு பக்கமும் சமமாக இழுத்துச் செல்கின்றன. இம்மருந்து அவ்விழைகளை உருவாகவிடாமல் தடுக்கிறது. உயிரணு பாதி வழியில் நின்று மடிகிறது. ஓயாது பிரியும் புற்றணுக்களுக்கு இது பேரடி. ஆனால் மயிர்க்கால், வாயின் உட்புறம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் அணுக்களும் நாள்தோறும் பிரிபவை. முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் இதனாலேயே. கொட்டிய முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். அதைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையை இடையில் நிறுத்துவதே எங்களை மிகவும் வருத்துகிறது. அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கே: 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

இன்னொரு பிரிவும் உண்டு; அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும் மியாசிஸ் பிரிவில் குரோமோசோம்கள் 23 ஆகப் பாதியாகின்றன. ஆணுக்கு இது பருவ வயது முதல் நாள்தோறும் நிகழ்வது. பெண்ணுக்கோ கருமுட்டைகளின் இருப்பு அவள் பிறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. இழந்ததை ஈடுசெய்ய வழியில்லை. நித்தியகல்யாணி மருந்துகளைவிட, அவற்றோடு சேர்த்துத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு போன்றவையே இங்கே கூடுதல் தீங்கு செய்கின்றன.

உயிருக்குப் போராடுபவரிடம் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கும் மருத்துவர்கள் உண்டு. அத்தயக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. இன்று பல இளையோர் குணமடைந்து திருமண வயதையும் அடைகின்றனர். விந்தணுவை உறையவைத்துச் சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நோய் அவ்வளவு நாள் பொறுக்காத நிலையும் உண்டு. அப்போதும் முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியே. எனவே இப்பேச்சை முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்பே மருத்துவர் தாமாகத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அவர் தொடங்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மாமியார் முன் மருமகளும் தந்தை முன் மகனும் இதைக் கேட்கக் கூசுவதை நாங்கள் அறிவோம். துணைக்கு வந்தவரைச் சற்றுநேரம் வெளியே அமரச் சொன்னால் எவரும் தவறாக எண்ணமாட்டார்.