'முதல்' என்னும் சொல்லின் இரு பொருள்கள்

'முதல் இந்தியர்' என்னும் அடைமொழி நரேன் கார்த்திகேயனின் பெயரைவிட்டு இன்றுவரை நீங்கவில்லை. கோவையைச் சேர்ந்த அவர், 2005இல் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது ஃபார்முலா 1இன் முதல் இந்தியர் ஆனார். 2010இல் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் டிரக் தொடரில் இறங்கி, மார்ட்டின்ஸ்வில் களத்தில் 13ஆம் இடம் பெற்றபோது அங்கும் அவரே முதல் இந்தியர். பந்தயங்களிலிருந்து விலகிப் பழைய இருசக்கர வாகன வணிகத்தில் இறங்கிய பின்னரும் அவரைப் பற்றிய குறிப்புகள் இந்த அடைமொழியோடுதான் தொடங்குகின்றன.

தமிழில் 'முதல்' என்பது 'ஒன்று' என்னும் எண்ணிலிருந்து பிறந்த சொல் அன்று. தொடக்கம், வேர், காரணம் ஆகியவை அதன் பொருள்கள். வணிகத்தில் இடும் பணமும் முதல்தான். முதலீடும் முதலாளியும் அதிலிருந்தே வந்தவை. மைசூரில் அன்றாடம் காதில் விழும் கன்னட 'மொதலு' இதன் உடன்பிறப்பு. வரிசையில் முன்நிற்பவரையும் அவருக்குப் பின்னிருக்கும் மூலதனத்தையும் ஒரே சொல் சுட்டுகிறது. நாமோ முன்னதைக் கொண்டாடிப் பின்னதைப் பேசாமல் விடுகிறோம்.

நரேனின் பின்னணியில் இருந்த முதல் என்ன? அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். அதே கோவையில் கரிவரதன், மாருதியின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கி ஒரு தலைமுறைக்கே வழி திறந்தார். 1990 முதல் சென்னையருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் இருந்தது. ஃபார்முலா 1இல் நுழைந்தபோது டாடா குழுமம் துணை நின்றது.

புகழால் மட்டும் இருக்கை நிலைப்பதில்லை. நாஸ்கார் டிரக் தொடரில் ஒரு பந்தயத்திலும் வெல்லாத நரேனை, 2010இல் ரசிகர்கள் வாக்களித்து அத்தொடரின் மிகவும் விரும்பப்படும் ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தனர். மறு ஆண்டு ஹிஸ்பானியா அணியில் ஃபார்முலா 1க்குத் திரும்பினார். பருவத்தின் நடுவிலேயே, ரெட் புல் நிறுவனத்தின் ஆதரவோடு வந்த டேனியல் ரிக்கியார்டோவுக்கு அந்த இருக்கை போயிற்று. திறமைக் குறைவு என்று இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2007இல் சீனாவின் ஜுஹாயில் ஏ1 கிராண்ட் பிரி பந்தயத்தை வென்றவர், 2019இல் தம் 42ஆம் வயதில் ஜப்பானின் ஃபுஜி களத்திலும் வென்றார்.

ஃபார்முலா 1இல் இரண்டாமவராகச் சென்னையின் கருண் சந்தோக் 2010இல் வந்தார். மூன்றாமவர் இன்னும் வரவில்லை. 2012இல் நரேன் விடைபெற்றபின் எந்த இந்தியரும் அங்குப் பந்தயம் ஓட்டவில்லை.

'வசதி படைத்தோர் விளையாட்டு, நமக்கென்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். வசதி இருந்த இடத்திலேயே வரிசை இரண்டோடு நின்றதென்றால், வசதியே இல்லாத இடத்தில் என்னவாகும் என்பதே என் கேள்வி. தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டில், தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றிய திட்டம் அது. ஆனால் அக்கா அச்சலுகையில் படித்தால் தம்பிக்கு அது கிடையாது. அக்கா பட்டம் பெற்றதால் வீட்டின் வருமானம் அன்றே உயர்ந்துவிட்டதாகக் கொள்கிறது விதி.

கல்விக்கூடங்களிலும் 'முதல் தலைமுறை ஆய்வாளர்' என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த முறை அப்படி ஒருவரை வாழ்த்தும்போது, அதே வீட்டிலிருந்தும் அதே ஊரிலிருந்தும் இரண்டாமவர் வருவதற்கு என்ன முதல் இட்டிருக்கிறோம் என்றும் கேட்போம். தனித்து நிற்கும் வரை 'முதல்' என்பது ஒருவரின் சாதனை மட்டுமே. பின்னால் ஆட்கள் வரும்போதுதான் அது தொடக்கம் என்னும் தன் பொருளைப் பெறும்.